அப்பாவின் பதினாறு ஊசிகள்

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் மைக்ரான் என்று பட்டப்பெயர். தண்ணீர் பம்புகளுக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளை லேத்தில் கடைந்து கொடுப்பது அவர் வேலை. முப்பத்தோரு வருஷம் ஒரே கூடம், ஜன்னலை ஒட்டிய நான்காவது இயந்திரம். தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வரும் அளவுக்கு ஒரு தண்டு பிசகியிருந்தாலும் தூக்கிக் கழிவுக் கூடையில் போட்டுவிடுவார். சூப்பர்வைசர் வந்து இதெல்லாம் ஓடும், விடுப்பா என்றால், எத்தனை நாளைக்கு ஓடும் என்று எழுதிக் கொடுங்கள் என்பார். அதற்குப் பிறகு சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரமாட்டார்.

வீட்டில் ஆள் வேறு. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அம்மாதான் வாசலில் நிறுத்திச் சரிசெய்து அனுப்புவாள். தன் உடம்பு விஷயத்தில் அவருக்கு எல்லாமே கண்ணளவுதான். காய்ச்சல் அடித்தால் தன் நெற்றியில் தானே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஓடும்" என்பார்.

அம்மா நகராட்சி நீச்சல்குளத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தாள். நான் ஒரே பெண். கூரியர் அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். முப்பது வயதாகியும் அப்பாவுக்கு நான் பாப்பாதான்.

சித்தப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஐந்து வயது இளையவர். பழுதான ஃபிரிட்ஜ்களைச் சரிசெய்கிற கடை வைத்திருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் தாத்தாவின் சாவு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தாத்தா கடைசி ஒரு வருஷம் இடுப்பு வலி என்று படுத்தார். குளியலறைக்குப் போனால் அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா சம்மதிக்கவில்லை. எண்பது வயதாகிவிட்டது, வயதானால் வருகிற வலிதான், அங்கே கொண்டுபோய்ப் போட்டு அவரைக் குத்திக் குதற வேண்டுமா, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றார். மூத்தவர் சொல்தான் எடுபட்டது. தாத்தா எங்கள் வீட்டுப் பின்னறையில் இறந்தார். சடலம் கிடந்த கூடத்தில், வந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சித்தப்பா சொன்னார்:

"என்ன நோவுன்னுகூடத் தெரியாம அனுப்பிட்டீங்க. நீங்கதாண்ணே கொன்னீங்க."

அதோடு சரி. பதினோரு வருஷம். தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் மறுபக்கம் போய்விடுவார். அம்மாவும் சித்தியும் மட்டும் அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள்.

அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயதில், தொழிற்சாலையில் வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில், புராஸ்டேட் சுரப்பி சம்பந்தமான ரத்தக் கணக்கு நாலுக்குள் இருக்க வேண்டியது ஏழுக்கு நெருங்கி இருந்தது. அது சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பி என்று அம்மாதான் எனக்கு விளக்கினாள். அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார், மூடுவார். ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர், ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாயை வைத்துப் பார்த்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசியால் துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது.

ஆனால் அதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது. ஊசி போட்ட மூன்றாம் நாள் அப்பாவுக்குக் குளிர்க் காய்ச்சல். கட்டிலே ஆடியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்த நண்பர்களிடம் அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார்.

"பன்னெண்டு எடத்துல குத்துனாங்கப்பா. எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வார்த்தை இவ்வளவு சரியாக அமைந்துவிட்டதே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒருமுறைகூடப் போகவில்லை. தொழிற்சாலைப் பரிசோதனை நாளிலும் லீவு போட்டுவிட்டார். மறுபடி எண்ணிக்கை கூடியிருந்தால் மறுபடி ஊசி, மறுபடி அந்தக் குளிர். அம்மா நினைவுபடுத்தினால், அதுதான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன என்பார். ஒரு விஷயத்தில் அவருக்குப் பயம் என்றால் பதிலில் எரிச்சல் இருக்கும். அம்மாவுக்கு அது தெரியும். ஆனாலும் விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் ஓடியது.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். தொழிற்சாலைக்கு நேர்வழியில் நடந்தால் பத்து நிமிடம். அப்பா திடீரென்று பெட்ரோல் பங்க் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். அந்தப் பக்கம் என்ன வேலை என்று யோசித்துப் பார்த்தால், அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது. அதைத் தாண்டினால் பஸ் நிலையத்தில் இன்னொன்று. ஊரில் இருக்கிற கழிப்பறை எல்லாம் அவருக்கு மனப்பாடமாகி இருந்தது. உறவுக்காரக் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும் என்றதும் முதுகு வலிக்கிறது என்று நின்றுவிட்டார். அன்றைக்கு அம்மா தன் அலுவலகச் சீருடையோடு அப்பாவைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தக் கணக்கு பத்தொன்பது.

இந்த முறை இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அப்பா முழு நேரமும் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு தாளை எடுத்து எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு படம் வரைந்தார். போன முறை ஊசிகள் பின்பக்கத்திலிருந்து போயிருக்கின்றன, சுரப்பியின் முன்பக்கத்துக்கு அவை பெரும்பாலும் எட்டாது, அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியுமே தவிர அதற்குள் கட்டி எங்கே என்று பல சமயம் தெரியாது என்றார். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம், சந்தேகப்படுகிற மாதிரி ஏதாவது இருந்தால் அந்த இயந்திரத்துக்குள்ளேயே படுக்க வைத்து, படத்தைப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் ஊசி போடுவோம் என்றார்.

அப்பா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஊசி போற எடம் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து, ஊசி சரியான எடத்துல இருக்கான்னு பாத்துட்டுதான் சதை எடுப்போம்."

"அப்ப இதையே முதல்ல செஞ்சிருக்கலாமே?"

டாக்டர் மழுப்பவில்லை. அப்போது இந்த ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லை, இருந்திருந்தால் செய்திருப்பார்கள் என்றார். அப்பா தலையாட்டினார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கருவி இல்லாததால் நடந்த பிழையை அவர் மன்னிக்கக்கூடியவர்.

ஸ்கேன் எடுக்கிற நாளில் நான்தான் கூடப் போனேன். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நீல உடுப்புப் போட்ட டெக்னீஷியன் ஒருவர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இதயத்தில் கருவி ஏதும் பொருத்தியிருக்கிறதா, எலும்பில் கம்பி வைத்திருக்கிறதா, பல் கட்டியிருக்கிறதா. அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் தெறிச்சிருக்கா?"

"இல்ல."

நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அவர் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். நான் ஒன்பதாவது படித்தபோது அப்பா இடது கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வேலையிலிருந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் கேட்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கு ஸ்கேன் நடக்காது என்று மட்டும் அந்தக் கேள்வியின் தொனியிலேயே தெரிந்தது. இந்த நாளுக்காக நாங்கள் ஒரு மாதம் காத்திருந்தோம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன்.

டெக்னீஷியன் பேனாவை மூடி வைத்தார். இது சாதாரணக் காந்தம் இல்லை, கண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவு இரும்பு இருந்தாலும் இழுத்துவிடும், பார்வையே போய்விடலாம் என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண் குழிக்குள், விழியை ஒட்டி, பதினாறு வருஷமாக ஒரு துணுக்கு உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கக் கண் டாக்டரிடம் தேதி வாங்கி, எடுத்து, புண் ஆறி, மறுபடி ஸ்கேனுக்குத் தேதி வாங்க ஆறு வாரம் பிடித்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணில் தூள் தெறித்த அன்றைக்கு அவர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலை செய்திருக்கிறார். வாசலில் தூசி விழுந்தது என்று தொழிற்சாலையில் பொய் சொல்லியிருக்கிறார். இப்போது வெளியே வந்தால் பெயர் கெட்டுவிடுமே என்றார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இறங்குகிற இடம் வந்தபோது, "நீ சொன்னதுதான் சரி பாப்பா" என்றார்.

ஸ்கேனில் சுரப்பியின் முன்பக்கம், ஊசிகள் எட்டாத இடத்தில், பதினெட்டு மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்பு நிழல் இருந்தது.

சதை எடுக்கிற பயாப்சி அன்று அப்பா டாக்டரிடம் ஊசியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பயந்துவிடுவார் என்று டாக்டர் தயங்கினார். பிறகு, திறந்து ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கொடுத்தார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, நுனியில் சதையைப் பிடிக்கிற அந்தச் சின்ன வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காந்தம் இழுக்காத டைட்டானியம் என்றதும் அவர் முகம் மாறியது. இதைக் கடைவது லேசு இல்லை, சட்டென்று சூடாகிவிடும், வெட்டுகிற முனையில் அப்பிக்கொள்ளும், யாரோ நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று டாக்டருக்கே பாடம் எடுத்தார். போன முறை கிருமி தொற்றியதால் இந்த முறை ஆசனவாய் வழியாகப் போகாமல், கால்களுக்கு நடுவே தோலை மரத்துப்போக வைத்து அங்கிருந்து ஊசியைச் செலுத்தினார்கள். ஐம்பது நிமிஷம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, தகரக் கதவை யாரோ விடாமல் தட்டுகிற மாதிரி அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நிற்கும். அப்போது உள்ளே யாரோ நடப்பார்கள். மறுபடி தட்டும். மொத்தம் நான்கே ஊசிகள்.

சக்கர நாற்காலியில் வெளியே வந்தவர் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு தெளிவு இருந்தது.

"இப்பதான் பாப்பா, வேலை தெரிஞ்சவங்க கையில பட்டேன்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தச் சந்தோஷம்தான்.

மூன்று நாள் அம்மா மணிக்கொரு தடவை தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தாள். காய்ச்சல் வரவில்லை. பத்தாம் நாள் முடிவு வந்தது. நான்கு துணுக்குகளிலும் புற்றுநோய். வேகமாகப் பரவுகிற வகை. அடுத்த வாரம் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு எலும்பிலும் முதுகுத்தண்டிலும் புள்ளிகள் இருந்தன.

டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்து நேராகச் சொன்னார். குணமாக்க முடியாது, கட்டுப்படுத்தி வைக்கலாம். அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்டேன். நான் வாயைத் திறந்ததால் போன ஆறு வாரம். டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஆறு வாரத்துல இது இவ்வளவு தூரம் போகாதும்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"முடிச்சிருங்க டாக்டர்," என்றார் அப்பா. "முதல் தடவை குத்தினப்பவே அது அங்க இருந்திருக்கும். அதானே?"

"இருந்திருக்கலாம்."

அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறுப்பு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கைகள். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். தன் அப்பாவுக்கு இடுப்பு வலி இருந்தது, சிறுநீர் போக முடியாமல் நிற்பார், இளைத்துப் போய் இறந்தார், அதுவும் இதுதானா என்று கேட்டார். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம் என்ற டாக்டர், அண்ணன் தம்பி யாராவது இருக்கிறார்களா என்றார். அம்மாதான், ஒரு கொழுந்தன் இருக்கிறார் என்றாள். அவர் சீக்கிரம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதி இறங்கியதும் அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள். தன் நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பாவைக் கொண்டுபோயிருக்கணும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

சித்தியிடம் ஃபோனில் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா சொன்னாள். இது ஃபோனில் சொல்கிற விஷயமா என்று அப்பா மறுத்துவிட்டார். நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பொத்தானை அவரே சரிபார்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

கடையில் கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நின்றன. சித்தப்பா ஒன்றின் பின்னால் குந்தி உட்கார்ந்து குழாய்க்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், மறுபடி வேலையில் குனிந்தார். முடி பாதி நரைத்திருந்தது. அப்பா அந்தத் தலைக்கு மேலே நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு வந்ததுதான்டா எனக்கும் வந்திருக்கு," என்றார் கடைசியில்.

சித்தப்பா நிமிரவில்லை. "அப்பாவுக்கு என்ன வந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. நான்தான் பாக்க விடல. நீ அன்னைக்குச் சொன்னது சரி."

சித்தப்பாவின் கையில் இருந்த பற்றுவைக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க அவருக்கு நேரம் பிடித்தது. அணைத்துவிட்டு எழுந்து, ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்து அப்பா பக்கம் நகர்த்தினார். எப்போது தெரிந்தது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்குக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னார். எலும்பு என்ற வார்த்தை வந்தபோது சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ போய் ரத்தம் குடு," என்றார் அப்பா. "கணக்கு கூட இருந்தா, எடுத்த எடுப்புல குத்த விடாத. முதல்ல ஸ்கேன். எங்க இருக்குன்னு பாத்துட்டு அந்த எடத்துல குத்தச் சொல்லு. நான் ஏமாந்த மாதிரி நீ ஏமாறாத."

"போறேண்ணே."

இவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. கிளம்பும்போது சித்தப்பா என்னிடம், உன் வீட்டு ஃபிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.

சொன்னாரே தவிர, போகவில்லை. பயம் எங்கள் குடும்பத்துச் சொத்து. அப்பா தினமும் காலை பதினோரு மணிக்கு ஃபோன் போட்டு, போனியா என்று கேட்பார். நாளைக்கு என்பார் சித்தப்பா. அப்படியே மூத்திரம் எத்தனை தடவை போகிறது, தடையாக இருக்கிறதா என்று ஒரு விசாரணை நடக்கும். பதினோரு வருஷம் முகத்துக்கு முகம் பார்க்காதவர்கள், பேச ஆரம்பித்ததும் பேசுகிற பேச்சைப் பாரு என்று சித்தி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம். அம்மாவும் சித்தியும் இப்போது திருட்டுத்தனமாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா ரத்தம் கொடுத்தார். ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. எம்.ஆர்.ஐ.யில் ஒரு சின்ன நிழல், எட்டு மில்லிமீட்டர். அவருடைய பயாப்சிக்கு அப்பா கைத்தடியோடு வந்து நின்றார். அதே டெக்னீஷியனிடம், இவனும் இரும்பு வேலைதான், கண்ணை எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டார். எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். மூன்று ஊசி போட்டார்கள். ஒன்றில் இருந்தது. சுரப்பியைத் தாண்டி எங்கும் போகவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்; அதற்குப் பின் ரத்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தத் தாளை அப்பா தன் ரிப்போர்ட்டுகள் இருந்த உறையிலேயே வைத்துக்கொண்டார். சித்தப்பா திருப்பிக் கேட்டபோது, பிரதி எடுத்துக்கொள், அசல் என்னிடம் இருக்கட்டும் என்றார்.

அப்பாவுக்கு ஹார்மோன் ஊசி ஆரம்பித்திருந்தார்கள். ஆண்மைக்கான சுரப்பை நிறுத்துகிற மருந்து அது. புற்று கொஞ்ச நாள் அடங்கியது. ஆனால் அவர் வேறு மனிதராகிப்போனார். நல்ல குளிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வேர்த்துக்கொட்டும். மார்பு வீங்கி வலித்தது. தொளதொளச் சட்டையாகத் தேடிப் போட்டார். டிவியில் சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் கண் கலங்கினார். வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். வேலையை ஒரு வருஷம் முன்கூட்டியே விட்டார். கனமான தண்டைத் தூக்கி மாட்டுகிறபோது முதுகு முறிந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மா கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீச்சல்குளத்தின் ஓரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷத்துக்கு மேலான கல்யாண வாழ்க்கையில் அவர்கள் பகலில் சேர்ந்து இருந்தது அப்போதுதான் என்று அம்மா சொல்வாள்.

இரண்டு வருஷமும் சில மாதங்களும் அப்படிப் போயின. பிறகு மருந்து கேட்கவில்லை. முதுகுத்தண்டில் வலி பிடித்தது. கால்கள் தொய்ந்தன. பின்னறையில் கட்டில் போட்டோம். சித்தப்பா தினமும் காலையில் வந்து, மதியம்வரை இருந்துவிட்டுத்தான் கடையைத் திறக்கப் போவார். அப்பாவுக்கு முகம் மழிப்பார், உடம்பு துடைப்பார், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பார். ஒரு பெரிய ஃபிரிட்ஜைக் கீறல் விழாமல் நகர்த்துகிற மாதிரி அவ்வளவு பதமாகச் செய்வார்.

ஒரு நாள் காலையில் நான் அந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வலி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்த நேரம். அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்குமாடா?"

சித்தப்பா கையில் இருந்த துண்டைப் பிழிந்தார். "இல்லண்ணே. அவரு தூங்கிட்டேதான இருந்தாரு. வலியே தெரியல அவருக்கு."

"நெசமாவா?"

"நான்தான் பக்கத்துலயே இருந்தேனே."

நான் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன். தாத்தாவின் கடைசி மாதத்தில் அவர் கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தேன். இது அப்பாவுக்கும் தெரியாதது இல்லை. ஆனால் அவர் மெல்லத் தலையாட்டி, சரி என்றார். நம்பினாரா, தம்பி சொன்னதற்காக ஏற்றுக்கொண்டாரா, தெரியவில்லை. அன்று முழுக்க அவர் முனகவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பா போனார். அம்மாவை வேலைக்குப் போ போ என்று அவர்தான் அனுப்பிவைத்திருந்தார். நானும் அலுவலகத்தில். சித்தப்பா மட்டும் பக்கத்தில் இருந்தார். பழைய இயந்திரங்கள் விற்பனைக்கு என்று செய்தித்தாளில் வருகிற விளம்பரங்களைப் படித்துக் காட்டினால் அப்பாவுக்குப் பிடிக்கும்; எந்த லேத்தை எவன் எவ்வளவு கெடுத்திருப்பான் என்று ஒன்றொன்றுக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்வார். அன்றும் சித்தப்பா படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்து, என்னண்ணே ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாராம்.

எந்த வரி படிக்கும்போது போனார் என்று தெரியவில்லையே என்பதுதான் சித்தப்பாவுக்குப் பெரிய குறை. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கொரு தடவை ரத்தம் கொடுக்கப் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவருடைய எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து, சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டே உள்ளே போவார்.